நாற்பத்தொரு விநாடிக்குப் பிறகு

போனில் நாற்பத்தொரு விநாடி ஓடும் குரல், வண்டியில் நாற்பத்து மூன்று விநாடி ஓடியது.

கண்ணாடிக்கடைக்காரர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடும் மனிதருக்குக் கண்மேல் உள்ள நம்பிக்கை காதுமேல் கிடையாது. எண்ணியதில் எங்கோ பிசகியிருப்போம் என்று விட்டுவிட்டார். மறுநாள் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீரியோவில் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எண்ணினார். நாற்பத்து மூன்று. வீட்டுக்குள் போய் அதையே போனில் கேட்டார், பிறகு இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். நாற்பத்தொன்று. மறுபடி வண்டிக்கே வந்து உட்கார்ந்தார். கூடுதலாக வந்த அந்த இரண்டு விநாடியில் வெறும் இரைச்சல்தான்; ஆனால் இரைச்சலுக்கு அடியில், ஒட்டிக்கொண்ட உதடுகளை யாரோ மெல்லப் பிரிக்கும் ஓசை இருந்தது.

அந்தக் குரல் அவருடைய மனைவியுடையது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை, அவரை அழைத்துப்போக வந்தவள், கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள். அடுத்த மனையில் பழைய கட்டடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தூசி ஆகாது; சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்த இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. மூன்று முறை அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் அப்போது பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவருக்கு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன் மேசை இழுப்பறைக்குள் சத்தத்தை அடக்கி வைத்தபடி கிடந்தது. கடைசியில் அவள் குரலைப் பதிந்து அனுப்பினாள். அவர் அதைத் திறந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

"என்னங்க, வண்டியிலதான் இருக்கேன். முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம் வாங்க. மூச்சு..." புரிவது அவ்வளவுதான். பிறகு முடியும்வரை மூச்சிழுப்பும் இரைச்சலும். அந்த இரைச்சலுக்குள் அவள் என்னவோ சொல்கிறாள். இரண்டு வார்த்தையோ மூன்று வார்த்தையோ, அது மட்டும் பிடிபடவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். மன்னித்திருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு எழுந்துகொள்வார். இரண்டில் எது என்று தெரியாமல்தான் மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தார்.

வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாற்றித் தருபவரைத் தெருவில் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். காதைக் காப்பாற்றிக்கொள்ள எந்நேரமும் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருப்பார். அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். சத்தத்தை விற்கிற ஆளுக்குச் சத்தத்தைக் கண்டால் பயம் என்று அவர் காதுபடவே கேலி செய்வார்கள். அவர் காதில்தான் விழாதே.

"கம்பெனியில குடுத்த செட்டு சும்மா பேருக்குத்தான் சார்," என்றார் பஞ்சு, கதவை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே. "சின்ன வண்டின்னா கைக்கு வந்ததைப் போட்டு அனுப்பிடுவான். ஸ்பீக்கர் காகிதம். கதவு தகரம். நீங்க பாட்டு கேப்பீங்களா, பேச்சு கேப்பீங்களா?"

"பேச்சு."

"எதே?"

"பேச்சுதான். ஒரு குரல். தெளிவா கேட்டாப் போதும்."

பஞ்சு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதல் நாள் டாஷ்போர்டிலிருந்த பழைய செட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிதை வைத்தார். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்டபோது, எப்போதும் கூடவே வரும் அந்த இரைச்சல் துடைத்ததுபோல் போயிருந்தது. அவள் குரல் ஈரமாக, நேற்றுப் பேசியதுபோல வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்றில் எண் நின்றுவிட்டது. குரல் நிற்கவில்லை. இழுப்பு தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடி, அப்புறம்தான் தேய்ந்தது.

அவர் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட, இன்னும் கொஞ்சம் தெளிவானால் அந்த வார்த்தை கிடைத்துவிடும் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

இரண்டாம் நாள் நான்கு கதவுகளிலும் புது ஸ்பீக்கர்கள் ஏறின. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். இப்போது குரல் மட்டுமல்ல, அன்றைக்கு அந்த வண்டிக்குள் இருந்த எல்லாமே கேட்டது: இருக்கைத் துணி அழுந்தி நெளியும் ஓசை, வளையல் ஒன்று ஸ்டியரிங்கில் இடித்து நிற்கும் ஓசை, வெளியே கல் சரியும் ஓசை, அதற்கப்புறம் பிளாஸ்டிக்கின்மேல் நகங்கள் அங்கும் இங்கும் ஊர்ந்து எதையோ தேடும் ஓசை. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஓட்டும்போதெல்லாம் அவர் உட்காரும் இடம் அது. ஓசை எல்லாம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தது. கதவிலிருந்து அல்ல, இருக்கையிலிருந்து. முழங்கை உயரத்திலிருந்து நகங்கள், தலை உயரத்திலிருந்து மூச்சு. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அன்றிரவு மகள் கூப்பிட்டாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள்.

"அப்பா, வண்டிய குடுத்துடலாம்னு சொன்னீங்களே, என்னாச்சு?"

"இருக்கட்டும்மா. ஸ்டீரியோ மாத்திட்டிருக்கேன்."

"நீங்க பாட்டே கேக்க மாட்டீங்களேப்பா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு அவள், "அம்மாவ விட்டுடுங்கப்பா. அவங்க போகட்டும்," என்றாள்.

"சரிம்மா," என்றார். விடத்தான் போகிறேன், அந்த வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பஞ்சு கதவுகளின் உள்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தகரத்தில் பெரிதும் சிறிதுமாக ஏகப்பட்ட ஓட்டைகள்.

"பாருங்க சார். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் போட்டாலும் இந்த ஓட்டை வழியா சத்தம் வெளிய ஓடிடும். இதையெல்லாம் ஷீட்டு போட்டு அடைச்சாத்தான் வேலை முழுசாகும்." கறுப்பு ரப்பர் ஷீட்டைச் சூடுகாட்டி இளக்கி, ஓட்டைகள்மேல் பரப்பி, சின்ன உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். அடியிலிருந்த வடிகால் துளைகளை மட்டும் விட்டுவிட்டார். தார் நாற்றம் பட்டறை முழுக்க நிறைந்தது. வேலை முடியாததால் வண்டி அன்றிரவு அங்கேயே நின்றது.

மறுநாள் காலையில் பஞ்சு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஷீட்டெல்லாம் குழிஞ்சு கெடக்கு சார். ஒவ்வொரு ஓட்டையிலயும் உள்வாங்கிக்கிட்டு."

"சூட்டுல இளகியிருக்கும்."

"ராத்திரியில ஏது சார் சூடு? உறிஞ்சின மாதிரி இருக்கு. ஓட்டுற பக்கத்துக் கதவுதான் ரொம்ப." பஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு ரெண்டு ஓட்டைய விட்டுடட்டுமா? கொஞ்சம் சத்தம் போகும். போனாப் போகட்டுமே."

அவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைப் பார்த்தார். கறுப்பு ஷீட் ஓட்டைக்குள் கிண்ணமாகக் குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் மேலே வந்தது. மறுபடி குழிந்தது.

"வேண்டாம்," என்றார். "இன்னொரு அடுக்கு போட்டு எல்லாத்தையும் அடைச்சிடுங்க."

"எதே?"

"ஒரு ஓட்டை விடாம அடைச்சிடுங்க."

மத்தியானத்துக்குள் அடைத்துவிட்டார்கள். வடிகால் துளைகளையும் கதவோர ரப்பர்களையும்கூட விட்டுவைக்கவில்லை. கடைசி வேலையாக, பஞ்சு பக்கத்து இருக்கையில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு மைக்கைப் பொருத்தி, கதவுகளைச் சாத்தி, வெளியே நின்று மடிக்கணினியைப் பார்த்தபடி சோதனைச் சத்தத்தை ஓடவிட்டார். ஓடவிட்டவர் நெற்றியைச் சுருக்கினார். நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார்.

"காலி சீட்டுல பட்ட சத்தம் திரும்பி வந்துடும் சார். ஆள் உக்காந்திருந்தா பாதியை உடம்பு வாங்கிக்கும்." அவர் திரையைச் சுட்டினார். "ஓட்டுற சீட்டு வாங்கிக்குது."

இருவரும் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். யாருமில்லை. பஞ்சு ஒரு காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, கதவைத் திறக்காமல், கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். சட்டென்று நிமிர்ந்து பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டார். சாவியைக் கையை நீட்டிக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போயிடுங்க சார். இப்பவே."

ஓட்டுநர் இருக்கை சூடாக இருந்தது. அவர் முதுகைச் சாய்க்காமல், ஸ்டியரிங்கோடு ஒட்டிக் குனிந்தபடியே கடைக்குப் பின்னாலுள்ள அந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். மாலை ஐந்து மணி வெளிச்சம். இடித்த கட்டடம் இருந்த இடத்தில் இப்போது வெறும் மண். இறங்கிச் சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

ஊர் அணைந்தது. தெருச் சத்தம், காக்கை, ஹாரன், எதுவும் இல்லை. தன் ரத்தம் காதுக்குள் ஓடுவதுகூடக் கேட்டது. குரலை ஓடவிட்டார்.

"என்னங்க, வண்டியிலதான் இருக்கேன். முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம் வாங்க. மூச்சு வரல."

வரல. முதன்முறையாக அந்தச் சொல் முழுசாகக் கேட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இழுப்பு, நகங்கள், வளையல். முப்பது. முப்பத்தைந்து. நாற்பத்தொன்று.

எண் நின்றது. போன் திரை தானாக அணைந்தது.

இழுப்பு நிற்கவில்லை. பக்கத்தில். ஒரு முழ தூரத்தில்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

அவர் திரும்பவில்லை. "வந்துட்டேன்மா," என்றார். "மன்னிச்சிடு. போன் உள்ள இருந்துச்சு. எனக்குத் தெரியல."

இழுப்பு. நீளமாக. ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு உள்ளே போனது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வெளியே வந்தது.

"அன்னிக்குக் கடைசியா என்னம்மா சொன்ன? என்னைத் திட்டுனியா?"

நகங்கள் கதவில் தேடின.

"கதவத் திறங்க," என்றாள்.

அவ்வளவுதான். ஏழு மாதம் அவரைத் தின்ற வார்த்தைகள் அவ்வளவுதான். திட்டுமில்லை, மன்னிப்புமில்லை. கைப்பிடி எங்கே என்று தெரியாத அளவுக்கு மூச்சு முட்டியவள், யாராவது கதவைத் திறக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் விம்மி அழுதார். அழுதுகொண்டே தன் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார்.

காற்று பீறிட்டு உள்ளே வந்தது. தெருச் சத்தம் வந்தது. இழுப்பு தளர்ந்தது. "அப்பாடா" என்பதுபோல ஒரு சின்ன ஓசை, அவள் களைத்துப் படுக்கும்போது விடும் ஓசை. பிறகு அதுவும் மெலிந்தது. கதவு வழியாக என்னவோ அவரைத் தாண்டி, கன்னத்தை லேசாகத் தொட்டு, வெளியே போகத் தொடங்கியது.

போகிறாள். இந்தத் தடவை முழுசாக.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

ஏன் என்று அவருக்கே தெரியாது. கை செய்துவிட்டது. ஊர் அணைந்தது. எதுவும் கேட்கவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம், ஓட்டுநர் இருக்கைத் துணி நெளிந்தது.

"என்னங்க."

"இருக்கேன்மா."

"கதவத் திறங்க."

"திறக்குறேன். இதோ திறக்குறேன். இன்னும் கொஞ்சம் பேசு."

நான்கு கதவுகளிலும் கூம்புகள் உள்ளே இழுபட்டன. பலகைக்குப் பின்னால் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகக் குழியும் ஓசை கேட்டது. நகங்கள் வேகமாயின. இருக்கை ஆடியது. வண்டியே லேசாக ஆடியது.

"என்னங்க. மூச்சு."

"சொல்லும்மா. கேக்குது. நல்லாக் கேக்குது."

இரண்டு கையாலும் கதவை உள்பக்கமாக இறுக்கி இழுத்துப் பிடித்தபடி, கண்ணீர் வழியும் முகத்தை அவள் பக்கம் சாய்த்து, ஒரு வார்த்தையும் தவறிவிடாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.