விமானம் போகட்டும்

விமானம் கூரையைத் தாண்டிப் போனதும் சமையலறையில் மூன்று குரல்கள் பேச்சைத் தொடர்ந்தன. இருந்ததோ இரண்டு பேர்.

பொக்லைன் ஓட்டுகிறவர் எடுத்த கவளத்தை வாயருகே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"...டுவானுங்களாம். ஏர்போர்ட்காரனுங்க, ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி! கூரை வழியா வர்ற சத்தத்துக்கு என்ன பண்ணுவானுங்க, மூடி போடுவானுங்களா?"

"இப்ப வேற யாரு பேசினது?"

"ஏன், நான் பேசினது பத்தலையா? சாப்பிடுங்க."

அந்தத் தெருக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியது. விமானம் வந்தால் வாயை மூடு. சொல் பாதியில் நின்றாலும் சரி, சண்டை பாதியில் நின்றாலும் சரி. கத்தினால் தொண்டைதான் கிழியும், எதிராளிக்கு ஓர் எழுத்து கேட்காது. தலைக்கு மேல் அந்த இரைச்சல் உருண்டு போகும்வரை நின்ற இடத்தில் நின்று, போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல்முறை பார்த்தால் மிரண்டு போவார்கள், வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பொம்மையாகிவிட்டார்களே என்று. முன்பெல்லாம் நாளைக்கு இருபது தடவை. விமான நிலையத்தை விரிவாக்க ஆரம்பித்து, இரண்டாவது ஓடுபாதையில் பாதி திறந்த பிறகு நாலு நிமிடத்துக்கு ஒன்று. அலமாரியில் தட்டுகள் தாமாக நகர்ந்தன. தொட்டில் பிள்ளைகள்கூட அழுகையைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கப் பழகிவிட்டன.

தெருவே திரண்டு புகார் எழுதியது. எழுதவைத்தது அடுத்த வீட்டு வயர்மேன். நின்ற இடத்திலேயே பட்டென்று கோபம் வரும் என்பதால் அவனுக்கு 'ஃபியூஸ்' என்று பெயர். விரிவாக்க வேலைக்கே வண்டி ஓட்டப்போன பொக்லைன்காரரை அவன் விடவில்லை.

"மச்சான், எதிரிகூட நமக்குக் குழிதான் தோண்டுவான். நீ நம்ம ஏழு வீட்டுக்கும் இருக்கிற ஒரே கிணத்தையும் மூடப்போறியே, உன்னை எதுல சேர்க்கிறது?"

"வயித்துல சேர்த்துக்க மாப்ள. அதுக்குத்தான் போறேன்."

அப்படிப் பேசியவன் நாலு நாளாக ஊரில் இல்லை. புகாரைத் தூக்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போவேன், பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். போன் அணைந்து கிடந்தது. "அங்கேயும் ஃபியூஸ் போயிருக்கும்" என்று அவன் மனைவியே சிரித்தாள்.

சாப்பிட்டு எழுந்தவர் தொட்டியில் கை கழுவினார். தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு குழாய்கள். ஒன்று புதிது, கிணற்றுக்குப் பதிலாக விமான நிலையத்தார் போட்டுத் தந்தது. மற்றது துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய், பின்பக்கத்துக் கிணற்றிலிருந்து ஏழு வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. அதன் வாயிலிருந்து ஈர மண்ணின் வாடை வந்துகொண்டிருந்தது, அப்போதுதான் வெட்டிய குழிக்குள் தலையை விட்டால் வருமே, அந்த வாடை. அடுத்த விமானம் வந்தது. தொட்டித் தண்ணீர் நடுங்கியது. அவர் கையை நீட்டியபடி காத்திருந்தார். இரைச்சல் தேய்ந்து, தேய்ந்து, அறுந்தது.

பழைய குழாய்க்குள்ளிருந்து ஒரு மூச்சு இழுபட்டது. பேச்சைத் தொடங்குமுன் ஒருவன் இழுக்கிற மூச்சு. பிறகு ஒரு சொல், மண்ணடைத்ததுபோல மந்தமாக.

அவர் குழாயில் துணியைத் திணித்தார். அதன்மேல் ஈயத்தட்டு ஒன்றைச் சாய்த்துவைத்தார். மனைவி கேட்டதற்கு, "பூரான் வருது" என்றார்.

படுத்தபின் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல் என்ன என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தார்; நினைக்க நினைக்க நாலு நாளுக்கு முந்தைய அந்தக் காலைதான் வந்து நின்றது. கிணற்றடி. விடிந்தும் விடியாத நேரம். எட்டு மணிக்குள் தரை சமமாக வேண்டும் என்று சூப்பர்வைசர் போனில் கத்துகிறான். பள்ளத்தை மூடுமுன் இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும், அது அந்தத் தொழிலின் முறை. ஆடு விழுந்து கிடக்கலாம், குடிகாரன் படுத்திருக்கலாம். அவர் முறை தவறியதில்லை. கிணற்றை நோக்கி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று முதல் குரல் கொடுத்தார். கொடுத்து முடித்ததும் விமானம் வந்துவிட்டது. மற்ற இரண்டு குரலையும் அந்த இரைச்சலுக்குள்ளேயே கொடுத்தார். பதில் இல்லை. வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, காதடைப்பானை மாட்டி, முதல் வாளி மண்ணைத் தள்ளினார்.

கிணற்றோரம் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. யாரோ வீசிய பழைய செருப்பு என்று நினைத்தார். நினைத்ததாக இப்போது நினைத்துக்கொண்டார்.

அதற்கு முதல் நாள் ஃபியூஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஏழு வீடும் சேர்ந்து வாங்கின மோட்டாரு மச்சான். அத மண்ணுக்குள்ள விடமாட்டேன். கழட்டிட்டுத்தான் தலைமை ஆபீசுக்குக் கிளம்புவேன்."

அவனும் இந்தத் தெருவில் பிறந்தவன்தான். கிணற்றுக்குள் நின்றபடி அந்தக் குரலைக் கேட்டிருப்பான். பதில் சொல்ல வாயைத் திறந்திருப்பான். விமானம் வந்திருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருப்பான்.

போகட்டும் என்று காத்திருப்பான்.

பொக்லைன்காரர் எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சொல் இப்போது தெளிவாக இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு அது பதில்.

"இருக்கேன்."

விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. அப்படியொரு மூடுபனி, எதிர்வீட்டுச் சுவரைக்கூடக் காணவில்லை. விமானங்கள் நின்றுவிட்டன. எத்தனையோ வருடத்தில் முதல்முறையாகத் தெரு அமைதியாக இருந்தது. அமைதி என்றால் காதை வலிக்கிற அமைதி. எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும், அடுத்த வீட்டில் துடைப்பம் தரையைத் தேய்ப்பதும், மனைவியின் மூச்சும் அவர் மண்டைக்குள் கேட்டன.

சமையலறையில் ஈயத்தட்டு ஆடியது.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இனி அதற்கு நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. விமானம் இல்லையே.

"இருக்கேன். இருக்கேன். இருக்கேன் மச்சான். இருக்கேன். இருக்..."

மனைவி வாசற்படியில் நின்றாள். "என்னங்க," என்றாள், "அது அடுத்த வீட்டு அண்ணன் குரலாச்சே."

அவர் ஓடினார். செருப்புகூட மாட்டவில்லை. பின்பக்கம், மதிலில் வண்டி போக உடைத்துவைத்த சந்து. அப்பால் பொக்லைன் பனியில் நனைந்து நின்றது. கிணறு இருந்த இடத்தில் சரளைக்கல் பரப்பு. மேடு பள்ளம் இல்லாமல் அவர் கையாலேயே நிரவியது. ஏறினார். சாவி திருகினார். வாளி தரையைக் கடித்தது.

சத்தம் கேட்டு ஃபியூஸின் மனைவி வந்தாள். கையில் துடைப்பம்.

"என்னண்ணே, மூடினதையே தோண்டுறீங்க? வேல குடுத்தவங்களுக்குப் பைத்தியமா, உங்களுக்கா?"

இன்ஜினை அணைத்தார். சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் இனி இந்தத் தெருவில் அவருக்கு முகம் இல்லை, வேலை இல்லை, ஒருவேளை வெளிக்காற்றே இல்லை. ஆனால் நாலு நாள். நாலு நாளும் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். உயிர் இல்லாதவன் பேசுவானா?

"தங்கச்சி, அன்னிக்கு நான் குரல் குடுத்தேன்ம்மா. சத்தியமா குடுத்தேன். அவன் பதில் சொல்றதுக்குள்ள விமானம்..."

அவளுக்குப் புரிந்தது. துடைப்பம் கீழே விழுந்தது. அவள் கத்தவில்லை. "தோண்டுங்க" என்றாள்.

தோண்டினார். சரளை. செம்மண். உடைந்த செங்கல். மறுபடி மண். ஒருபக்கம் சரிவாக வெட்டி வெட்டி இறங்கினார். இரண்டு ஆள் ஆழத்தில் வாளி நுனியில் துணி மாட்டியது. உடனே நிறுத்தினார். இறங்கி விளிம்பில் மண்டியிட்டார்.

வாடை முதலில் வந்தது.

கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருந்த மேடையில் அவன் நின்றபடியே இருந்தான். மார்பளவு மண்ணில். முகம் மேலே பார்த்தபடி. வீங்கி, கறுத்து. கண்ணில் மண். வாய் அகலத் திறந்திருந்தது. அந்த வாய் நிறைய, உதடு கிழியுமளவு, கெட்டித்த மண்.

செத்து நாலு நாள் ஆகிவிட்டது. நாலு நாளும்.

பொக்லைன்காரருக்கு அழுகை வந்தது. அதற்கு நடுவே, ச்சீ, ஓர் ஆறுதலும் வந்தது. முடிந்தது. இனி கேட்காது.

ஃபியூஸின் மனைவி சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். புருஷன் தலைமுடியிலிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டாள். அலறப்போகிறாள் என்று அவர் பற்களைக் கடித்துக்கொண்டார்.

அவள் அலறவில்லை. குனிந்து, அந்த வாயில் காதை வைத்தாள்.

"ம்" என்றாள்.

பனி குழிக்குள் இறங்கியது.

"ம்... ம்... சரி."

தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை, வீட்டில் அவன் ஏதாவது கேலி பேசினால் சிரிப்பாளே, அப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, பக்கத்திலிருந்த ஈர மண்ணைக் கையால் தட்டினாள்.

"எங்கிட்ட இல்லையாம். உங்ககிட்டதான் பேசணுமாம். இறங்கி வாங்கண்ணே."

அவளுக்குப் பின்னால், அந்த வாயிலிருந்து ஒரு மண்கட்டி உதிர்ந்து விழுந்தது. பிறகு இன்னொன்று.