செத்தவன் காலில் இருந்த ஷூ

அன்று 'எர்சிலியா' படகில் ஏறியவர்கள் நான்கே பேர்.

படகு கட்டும் பெலந்தோனி குடும்பத்துப் பெரியவர் ஒரேஸ்தே, வயது எழுபத்தெட்டு. பட்டறையை இப்போது நடத்தும் அவர் மகள் மார்சியா. மருமகன் ருஜேரோ. படகை வாங்குபவர் சார்பில் சோதிக்க வந்த பிரெஞ்சுக்காரர் லெபெல்.

பகல் ஒன்றரைக்கு, லெபெல் தண்ணீரில் குப்புறக் கிடந்தார்.

இத்தாலியக் கடற்கரை ஊரான வியாரெஜ்ஜோவின் படகுக் காட்சிக்குச் சாப்பாட்டு இடைவேளை. துறையில் ஆளே இல்லை. பிணத்தைக் கரையேற்றித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே.

கடற்காவல் அதிகாரி நார்தினி குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஷூவோட கிடக்கார். படகுல இருந்திருந்தா கழட்டி, ஏறுற இடத்துக் கூடையில போட்டிருப்பார். பெரியவர் படகுல ஷூவோட ஏற எவனுக்குத் தைரியம் வரும்?"

"ஒரு மணிக்கு முன்னாடியே இறங்கிட்டார்," என்றாள் மார்சியா. "சாப்பிடப் போறேன்னார்."

"கரையில வழுக்கி, கல்லுல மண்டை பட்டிருக்கு. விபத்துதான்."

ஒரேஸ்தே அந்த ஷூக்களையே பார்த்தார்.

பழுப்பு நிறம். ஒரேஸ்தேவின் அகலப் பாதத்துக்கென்று லூக்கா நகரில் அளவெடுத்துத் தைத்தது.

அவருடையது...

கூடையில் மிச்சமிருந்த பழுப்பு ஜோடி ஒடுக்கமாக இருந்தது. செத்தவனுடையது. அப்படியென்றால் அவன் படகிலிருந்து இறங்கவேயில்லை. யாரோ அவசரத்தில் ஜோடி மாற்றி மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அவர் பார்வை மருமகன் மேல் விழுந்தது. வெளி ரத்தம். பதினைந்து வருடமாக அவருக்கு அவனைப் பிடிக்காது.

"மாமா, முகத்தைக் கொஞ்சம் மாத்துங்க," என்றான் ருஜேரோ. "மூணு மணிக்கு வாங்குறவர் வர்றார்."

"ஒருத்தன் செத்துக் கிடக்கான். நீ வாயில இறாலோட நிக்கற. அந்த பிரெஞ்சுக்காரன்கூட கடைசியா இருந்தது யாரு?"

"என்னைப் பாக்காதீங்க. நான் சமையலறையில இதைத்தான் உரிச்சுட்டிருந்தேன். மார்சியாதான் அவரைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போனா."

காற்றில் தார்ப்பாய் இன்னும் சற்று விலகியது.

ஷூக் கயிறு மூன்று சுற்று சுற்றி, நுனி உள்ளே செருகியிருந்தது.

ஒரேஸ்தேவின் முதுகு வளைய மறுத்துப் பதினோரு வருடம். தினமும் காலையில் அவர் காலடியில் உட்கார்ந்து அப்படி முடிச்சுப் போடுகிற கை ஒன்றுதான்.

அவர் மகளைத் தனியே அழைத்தார்.

"ஏன்?"

அவள் முகம் வெளுத்தது. அவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பின்படியில உட்கார்ந்து சுத்தியலால தட்டிப் பாத்தான்பா. ஒரு இடத்துல சத்தம் மாறிடுச்சு. அங்க விரிசல் இருக்கு. நான் பட்டி பாத்து, மேல பெயிண்ட் அடிச்சிருந்தேன். மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் சொல்வேன்னான். தொண்ணூறு வருஷப் பேருப்பா... புடிச்சுத் தள்ளினேன். படியில மண்டை பட்டுடுச்சு."

"பட்டியா?"

"அப்பா, நான் தள்ளினேன்னு சொல்றேன்..."

"என் படகுல பட்டி பாத்தியா?"

"வேற வழி? திரும்பச் செய்ய நாள் இல்ல. நீங்க பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது."

உண்மைதான். ஒரு கையெழுத்து. பட்டறை பிழைக்கும். மகளும் பிழைப்பாள்.

நார்தினி பேனாவை நீட்டினார்.

"விபத்துன்னு எழுதிட்டேன். இங்க ஒரு கையெழுத்து போடுங்க ஐயா. அது சரி... ஏன் வெறுங்காலோட நிக்கறீங்க?"

மார்சியா அவர் கையைப் பிடித்தாள். கிழவர் அதை மெதுவாக விலக்கினார்.

"அவன் காலில இருக்கறது என் ஷூ. மாட்டிவிட்டது என் பொண்ணு. படகோட பின்பக்கத்தையும் தட்டிப் பாருங்க."

செத்தவனுக்கு நியாயம் கிடைக்கவே பெரியவர் பெற்ற மகளைப் பிடித்துக் கொடுத்தார் என்று வியாரெஜ்ஜோவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு. கொலை மட்டும் என்றால் ஊரிலேயே பெரிய வக்கீலை வைத்திருப்பார். பட்டி பார்த்ததற்கு வாதாட உலகத்தில் ஒரு வக்கீலும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.