மடியில் ஏறிய குளிர்

பாலம் இடிந்து கிடந்தது. அக்கரையிலிருந்து மாற்று வண்டி வரும்வரை தடுப்பூசிப் பெட்டியை எங்காவது நிழலில் வைத்தாக வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்ததோ கைவிடப்பட்ட பழைய குழந்தைகள் வார்டு ஒன்றுதான்.

"இந்த வெயில்ல என் மண்டையே உருகுது சிஸ்டர். மருந்து என்னத்துக்கு ஆகும்?" என்றான் ஓட்டுநர்.

"வாயைக் கழுவுங்கண்ணே!" என்றாள் நர்ஸ்.

மலைக் குடியிருப்பில் தொண்டை அடைப்பான் பரவி இரண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. அவளுடைய மகளும் அங்கேதான், அத்தை வீட்டில் இருக்கிறாள். இந்தப் பெட்டியை விட்டால் வேறு மருந்து கிடையாது.

ஓட்டுநர் வண்டி வருகிறதா என்று பார்க்க ஆற்றங்கரைக்குப் போனான். துருப்பிடித்த கட்டில்களுக்கு நடுவே அவள் மட்டும் இருந்தாள். பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிச் சளசளத்தது. மூடியின் மேலிருந்த வெப்பமானி எட்டு டிகிரியைத் தொட்டது. எட்டைத் தாண்டினால் மருந்து பாழ்.

"சாமியோ பேயோ, யாரா இருந்தாலும் சரி, கொஞ்சம் குளிர வையேன்!" என்று வாய்விட்டு அழுதாள்.

வார்டு குளிர்ந்தது.

ஏழு. ஐந்து. நான்கு. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

மூன்று. இரண்டு.

குளிர் நிற்கவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. உறைந்துபோனால் இந்த மருந்து வெறும் தண்ணீர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடப் பார்த்தாள். அது அசையவில்லை. மூடியில் வெண்பனி படர்ந்தது. அதில் இரண்டு சின்னக் கைகளின் தடம்.

யாரோ பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தார்கள்.

"எனக்கு ஊசி வந்துடுச்சா?"

கரகரத்த பிஞ்சுக் குரல். தொண்டை அடைத்த பிள்ளைகள் இப்படித்தான் பேசும்.

ஒன்று.

பயப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சு கண்ணு. பெட்டியை விட்டுட்டு அம்மா மடிக்கு வா. போட்டு விடறேன்."

தொடையின் மேல் ஐஸ் பாளம் போல ஏதோ ஏறி அமர்ந்தது. பல் கிட்டிப்போயிற்று. ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கினாள். நல்லவேளை, உறையவில்லை. ஊசியை வெறும் காற்றில் இறக்கினாள். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை.

"வலிக்கலைம்மா."

வெப்பமானி மூன்றுக்கு ஏறி, வண்டி வரும்வரை அங்கேயே நின்றது.

சாயங்காலம் மலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக மகளுக்குப் போட்டாள். நாற்காலியில் போய்ச் சாய்ந்து கையை நீட்டினாள். வீறிட்டழுதபடி மடியைத் தேடி ஓடிவந்த மகள் பாதியில் நின்றுவிட்டாள்.

"வாடி செல்லம், அம்மாகிட்ட வா."

"அந்தப் பாப்பாவை முதல்ல இறங்கச் சொல்லும்மா."

நர்ஸ் குனிந்து பார்க்கவில்லை. "இறங்கு கண்ணு. அதான் போட்டாச்சே," என்று கெஞ்சினாள்.

சில்லென்று இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டன.