கடைசி ஆளுக்குப் பின்னால்

ஹஸ்ஸானின் வேன் தோட்டத்து கேட்டருகே வந்து நின்றபோது அப்போதுதான் விடிந்திருந்தது. ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் சின்னப் பயணம்தான். மூவரும் இறங்கிச் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார்கள். கைக்கடிகாரங்கள் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஹஸ்ஸான் வழக்கம்போல சர்மிளாவை வம்புக்கு இழுத்தான்.

"பேங்க்ல சாயங்காலம் ஷட்டர் இழுக்கிற வேகத்துல பாதி ஓடினாலே போதும் தங்கச்சி. நுவரெலியாவுல மெடல் உங்களுக்குத்தான்."

"உங்க கடையில ஆணி நிறுக்கிற வேகத்துல நீங்க ஓடுங்க நானா, நான் சுலபமா முந்திருவேன்."

நானா என்றால் அண்ணன்; ஹஸ்ஸானுக்கு ஹட்டன் டவுனில் இரும்புக்கடை. சர்மிளா வங்கியில் கவுண்டரில் இருப்பவள். மூன்றாவது ஆள் கேதீஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர். நுவரெலியாவில் நடக்கவிருந்த அரை மரதன்தான் மூவருக்கும் முதல் பெரிய ஓட்டம். ஒவ்வொரு பயிற்சியும் போனில் பதிவாகும். தூரம், வேகம், ஏற்றம், இதயத்துடிப்பு எல்லாம் வரும். மாலையில் வாட்ஸ்அப்பில் ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரையொருவர் சீண்டுவார்கள்.

ஹஸ்ஸான் போட்ட விதி ஒன்று இருந்தது. முதலில் முடித்தவர் உட்காரக் கூடாது. எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி, கடைசி ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முன்பொரு முறை கொழும்பில் சின்ன ஓட்டம் ஒன்றில் அவனே கடைசியாக வந்திருக்கிறான். முடிவுக் கோட்டில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம், கைதட்ட ஒரு ஆள் இல்லையாம். அன்றைக்கு வைத்த வைராக்கியம். கடைசி ஆளை விட்டுவிட்டு வந்த ஓட்டம் ஓட்டமே இல்லை என்பான்.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் சர்மிளாதான்.

வண்டிப்பாதை கேட்டிலிருந்து மேக்கணக்குக்கு ஏறியது. தோட்டத்தின் மேல் பிரிவுக்கு அந்தப் பெயர். மண்சரிவுப் பயத்தில் லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் சனத்தையெல்லாம் கீழே இறக்கி வருடக்கணக்காகிறது. கவ்வாத்து வெட்டாமல் விட்டதில் தேயிலைச் செடிகள் ஆள் உயரம் தாண்டி மரங்களாகிவிட்டன. சர்மிளா பிறந்தது அங்கேதான். ஏற்றம் நல்ல ஏற்றம் என்று ஹஸ்ஸான் இந்த வழியைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றாள்.

இடிந்த பிள்ளைக்காம்பராச் சுவர்தான் எல்லை. ஒரு காலத்தில் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன இடம். கேதீஸ்வரி அதை நெருங்கும்போதே ஹஸ்ஸான் தொட்டுத் திரும்பி, அவளைக் கடந்து கீழே பறந்தான். அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பனிமூட்டம் மேலிருந்து மெல்ல இறங்கி, பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது.

பச்சை இலை கசங்கிய வாசம் வந்தது.

கொழுந்து கிள்ள ஆளே இல்லாத மலையில்.

வெகுநேரம் கழித்துச் சர்மிளா வந்தாள். தனியாக.

"எங்க ஹஸ்ஸான் நானா?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

"என்னயத் தாண்டிக் கீழ போய்ட்டாங்க டீச்சர்." சர்மிளாவின் உதடு வறண்டிருந்தது. "எனக்குப் பின்னால ஒரு அம்மா முடியாம வாறாங்களாம். கூட்டிட்டு வாறேன்னு போனாங்க."

"உமக்குப் பின்னால ஆர் வந்தது?"

பனிக்குள்ளிருந்து சின்னச் சத்தமாகக் கேட்டது. பட். பட். பட். இளம் காம்பு ஒடியும் சத்தம்.

ஹஸ்ஸான் வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தான். பின்னால் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு குழம்பியது. இப்போதுதான் கூடவே வந்தாள் என்றான். இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு, முதுகில் கூடை, நனைந்த தலை. தோட்டத்து அம்மா யாரோ ஓட ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தானாம்.

"கூடைய எறக்கி வச்சிட்டு ஓடுங்கன்னேன். கேக்க மாட்டேங்கிறாங்க. பாவம்," என்றான்.

திரும்பும் வழியில் வேனுக்குள்தான் சர்மிளா வாயைத் திறந்தாள். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு வரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். மலையின் ஓரத்தில், ஓடைச் சரிவில் இருப்பது தொங்கல் நெரை. அது யாருக்கு விழுந்தாலும் முடிக்க நேரமாகும். தங்கள் நெரையை முடித்தவர்கள் போய் அவளுக்கும் கை கொடுத்து, எல்லோருமாகச் சேர்ந்துதான் மேலே ஏறுவார்கள். அதுதான் வழக்கம். அவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு பெருமழை நாளில் அந்த வழக்கம் தவறியது. கங்காணி அவசரப்படுத்த, எல்லோரும் ஏறிவிட்டார்கள். தொங்கலில் நின்றவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரிவு இறங்கிவிட்டது. கூடைகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்த மலையில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் மேக்கணக்குப் பெண்கள் திரும்பிப் போவதில்லை. யாராவது ஒருவர் தொங்கலில் நின்றுதான் ஆக வேண்டும். தேடிப் போகிறவரை நிறுத்திவிட்டு அவள் மேலே ஏறிவிடுவாள்.

ஹஸ்ஸான் வாய்விட்டுச் சிரித்தான். கேதீஸ்வரியும் சிரித்தாள். அன்று மாலை போன் வரைபடத்தில் அவன் ஓடிய வழியைக் காட்டும் கோட்டைப் பார்க்கும்வரை.

கோடு வண்டிப்பாதையை விட்டு விலகி, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியிருந்தது. அங்கே ஒரே இடத்தில், அரைநாள் நின்றவன்போல, சின்னச் சின்ன அசைவுகளாகப் பின்னிக் கிடந்தது. அவர்கள் அவனுக்காகக் காத்திருந்தது அதில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை.

சிக்னல் கோளாறு என்று கேதீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மலைநாட்டில் அது சகஜம்தானே.

அடுத்த வாரத்திலிருந்து ஹஸ்ஸான் தனியாக ஓடப் போனான். விடியப் போய், வெயில் ஏறி வந்தான். பதிவுகள் குழுவில் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்தது, பிறகு நடையானது, பிறகு நின்றது. கேதீஸ்வரி கேட்டால், அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம்தான் மீதி என்று மட்டும் எழுதினான்.

அவன் மனைவி ரிஃப்னா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே போன் எடுத்தாள். நின்றபடியே தூங்குகிறார் என்றாள். கடையைத் திறப்பதில்லை. தூக்கத்தில் இரண்டு கையும் காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலே பின்னால் எறிகின்றன.

"வெரலப் பாருங்க டீச்சர்," என்று படமும் அனுப்பினாள்.

இரும்புக்கடைக்காரனின் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. காலமெல்லாம் கொழுந்து எடுத்தவளின் கை போல.

மரதனுக்கு முந்திய வாரம் ஒரு காலையில் ரிஃப்னா அழுதபடி கூப்பிட்டாள். நேற்றுப் போனவர் வரவில்லை. போனில் அவர் இருக்கும் இடம் தெரிகிறது, புள்ளி அசையவே இல்லை.

கேதீஸ்வரி சர்மிளாவை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பொலிஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கடைசி ஆளைத் தேடி இத்தனை நாள் திரும்பி ஓடியவன் அவன். இன்றைக்குக் கடைசி ஆள் அவனேதான்.

வண்டிப்பாதையிலிருந்து ஓடைக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் அட்டைகள் காலில் ஏறின. ஓடையின் மேல் ஒற்றைப் பலகை. அதைத் தாண்டியதும் வெளிச்சம் மங்கியது. தேயிலை மரங்கள் தலைக்கு மேலே கைகோத்து நின்றன. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. மற்றபடி ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

பட். பட். பட்.

ஓரச் சரிவில், முட்டளவு சேற்றில் ஹஸ்ஸான் நின்றான். எட்டாத கிளைகளை வளைத்து வளைத்துக் கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் கண்ணீர் வழிந்தது. கை நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்தான் டீச்சர். நீங்க போங்க. நான் வாறேன்."

சர்மிளா அவன் காதருகே குனிந்தாள். "நெரை முடிஞ்சிருச்சி நானா. நாங்க கை குடுத்து முடிச்சிட்டோம். வாங்க, எல்லாருமா போவோம்."

கை நின்றது.

யாரும் கடைசியாக இருக்கக் கூடாது என்று அவள் கேதீஸ்வரியிடம் கிசுகிசுத்தாள். மூவரும் கைகோத்து, ஒரே வரிசையாக, தோளோடு தோளாகப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே நடந்தார்கள். கேதீஸ்வரி ஒரு பக்கம், சர்மிளா மறு பக்கம், நடுவில் ஹஸ்ஸான்.

பின்னால் இன்னொரு ஜோடிக் கால் சேற்றில் மிதிக்கும் சத்தம்.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோதுதான் மூவருக்கும் உறைத்தது.

பலகையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

"நீங்க நானாவப் புடிங்க டீச்சர். விட்டா விழுந்துருவாங்க," என்றாள் சர்மிளா. "நான் கடைசியா வாறேன். எனக்குப் பழக்கம்தானே."

"வேண்டாம் சர்மிளா. வேற வழி பாப்பம்."

"வேற வழி இல்ல டீச்சர். என் கைய மட்டும் விட்டுறாதீங்க."

சேற்றுச் சத்தம் நெருங்கியது. கேதீஸ்வரி ஒரு கையால் ஹஸ்ஸானின் சட்டையைப் பற்றி முன்னால் தள்ளினாள். மறு கையைப் பின்னால் நீட்டிச் சர்மிளாவைப் பிடித்துக்கொண்டாள். பலகை வழுக்கியது. நடுவில் ஹஸ்ஸானின் கால் தடுமாற, அவள் தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் அவனைத் தாங்கினாள்.

ஒரே ஒரு மூச்சு நேரம், மறுபடி பின்னால் நீட்டிய அவள் கை வெறுமையாக இருந்தது.

பிறகு ஒரு கை அதற்குள் வந்து புகுந்தது. இறுக்கிப் பிடித்தது.

"போங்க டீச்சர். திரும்பாதீங்க."

சர்மிளாவின் குரல்தான். கேதீஸ்வரி திரும்பவில்லை. பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ அலறுவதுபோல இருந்தது. நீர்ச் சத்தத்தில் தெளிவாகக் கேட்கவில்லை. அது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வண்டிப்பாதை வரை இழுத்துக்கொண்டே ஏறினாள்.

கேட்டருகே மூவரும் இருந்தார்கள். ஹஸ்ஸான் தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல ரிஃப்னாவின் பெயரைச் சொல்லி அழுதான். கேதீஸ்வரிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

சர்மிளாவுக்கு மூச்சே வாங்கவில்லை.

ஒரு வாரத்தில் ஹஸ்ஸான் தேறிவிட்டான். ஓட டாக்டர் விடவில்லை. ஆனால் நுவரெலியாவுக்குக் கேதீஸ்வரியையும் சர்மிளாவையும் ரிஃப்னாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது அவன்தான். ரிஃப்னாவும் அவனும் தண்ணீர்ப் போத்தல்களோடு பாதையோரத்தில் இடம்பிடித்தார்கள். வாவிக்கரை வீதியில் கூட்டம் நெருக்கியடித்தது. குளிரில் எல்லோர் வாயிலும் புகை. ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளிலும் அறிவித்தார்கள்.

சர்மிளா முன்வரிசையில் நின்றாள்.

எப்போதும் கூட்டத்தின் வாலில் ஒதுங்கி நிற்பவள். கேதீஸ்வரி இடித்துப் பிடித்து அவளருகே போனாள்.

"என்ன, இண்டைக்கு முன்னுக்கு வந்திட்டீர்?"

சர்மிளா அவளைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ மதிப்புப் போடுகிறவளின் பார்வை. பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னைக்கு எந்த மலை?"

பகிடி என்று நினைத்து கேதீஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"எனக்குத் தொங்கல் வேணாம்," என்றாள் சர்மிளா. "நான் ரொம்பக் காலம் நின்னுட்டேன். அந்தப் புள்ள நிக்கட்டும்."

துப்பாக்கி வெடித்தது. கூட்டம் பொங்கி ஓடியது. சர்மிளாவின் உடம்பு அதன் முகப்பில், ஒரு முறைகூடப் பின்னால் பாராமல், வளைவில் மறைந்தது.

கேதீஸ்வரியின் கால்கள் நகரவில்லை. பலகையின் நடுவில், அந்த ஒரு மூச்சு நேரத்தில், அவள் விட்டது ஒரு கை. பிடித்தது வேறொரு கை. ஓடைக்கு அந்தப் பக்கம் அலறியது யார் என்பது இப்போது தெரிந்தது.

ஓட்டக்காரர்கள் அவளை இடித்துக்கொண்டு கடந்தார்கள். கடைசி ஆளும் கடந்தான். வீதி காலியானது. எங்கோ தள்ளி ரிஃப்னா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவளுக்குப் பின்னால், வெறும் தாரில், ஈரக் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. நெடுந்தூரத்திலிருந்து ஓடி வருகிற மூச்சிரைப்பு.

"டீச்சர்... விட்டுட்டுப் போயிறாதீங்க..."

திரும்பக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். திரும்பினால் யார் யாருக்குப் பதிலாக நிற்க வேண்டிவரும் என்பதும் தெரியும்.

கேதீஸ்வரி திரும்பினாள்.

வீதியில் ஒருவரும் இல்லை. மூச்சிரைப்பு மட்டும் நெருங்கி வந்து, அவள் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றது.

அவள் கையை நீட்டினாள்.

குளிர்ந்த விரல்கள் அதை இறுகப் பற்றிக்கொண்டன.