மூன்றாவது பெட்டியைக் கழற்றச் சொன்னவள்

ஆஷா அந்தப் பெட்டியை வேண்டுமென்று மிதிக்கவில்லை. மழை துரத்தியது, ஓடி வந்தாள், மிதித்துவிட்டாள்.

அன்றைய மழை அப்படி. இரண்டாயிரத்து ஆறாம் வருட ஆயுத பூஜை. பல்லடம் ரோட்டுக்கு இடப்பக்கம் மட்டும் பெய்தது. வலப்பக்கம் கடலை காயப்போட்டிருந்தார்கள். ஆஷா வேலை பார்த்த கம்பாக்டிங் யூனிட் இடப்பக்கம் இருந்தது. பனியன் துணி துவைத்தபின் சுருங்காமலிருக்க, முன்கூட்டியே ஆவியில் அமுக்கித் தரும் இடம் அது.

டொம்...

கச்சேரிக்காக ஷெட்டுக்குள் போட்டிருந்த மேடையின் ஸ்பீக்கர் ஒருமுறை உறுமியது. பூஜைத் தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு, படியிறங்கி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, அது கால் வெக்கற இடமுங்களா?"

நிமிர்ந்தாள். தோளில் பேஸ் கிட்டார். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி. அப்புறம் அந்தக் கண்கள்... கோபப்பட ஆரம்பித்து, பாதியில் எதற்கென்று மறந்துபோன கண்கள்.

"கால் வெக்கறதுக்குத்தான தரையில வெச்சிருக்கீங்க?"

உண்மைதான். காலால் அமுக்கித்தான் அந்தப் பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் வேண்டும். கிட்டார்க்காரன் ராபின் குனிந்து பெட்டியின் ஈரத்தைத் துடைத்தான்.

அதற்குள் வேறு திசையிலிருந்து பேச்சு வந்தது. மெல்லிசைக் குழுவின் தலைவர் அர்த்தநாரி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "கண்ணு, உன்ற பேஸ் ஒரு பாட்டுல இடிக்குது, ஒரு பாட்டுல காணாமப் போவுது. இன்னிக்கும் அப்படின்னா, நாளையிலிருந்து நானே இடது கையில பேஸையும் வாசிச்சுக்கறேன். நீ ஊட்ல இருந்துக்க."

ராபினின் முகம் செத்துப்போனது. நிட்டிங் மிஷின் ஃபிட்டர் வேலை சோற்றுக்கு. பேஸ்தான் அவனுக்கு உயிர். மடத்துக்குளத்துக் கல்யாணம் ஒன்றில் அவன் கீழ்ச்சுரம் ஒன்றை வாசித்தபோது, மாப்பிள்ளை வீட்டார் இலையிலிருந்த ஜாங்கிரி பெண் வீட்டார் இலைக்கு நகர்ந்துவிட்டது. சமாதானம் பேச இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் இந்தப் பெட்டிகளை வாங்கினான்.

"இதென்ன பெட்டிங்க?" குற்ற உணர்ச்சியில் ஆஷாவின் குரல் இறங்கியிருந்தது.

"கம்ப்ரஸருங்க. சத்தம் துள்ளுனா அமுக்கும், மெலிஞ்சா தூக்கி விடும். ஒண்ணு பத்தலைன்னு மூணு. மூணையும் முழுசாத் திருகி வெச்சிருக்கேன்."

"எங்கே... வாசிங்க."

வாசித்தான். ஆஷா ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

அந்த விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணியைத் தொட்டே அதன் எடையைச் சொல்லும் விரல்கள். ஒருமுறை அவள் நூற்றெண்பது கிராம் என்றாள். தராசு நூற்றெழுபத்தொன்பது என்றது. தராசை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அன்றுமுதல் எந்தத் தராசும் அவளை எதிர்த்துப் பேசியதில்லை.

"இடிக்கலீங்க. ஆனா உசுரே இல்லை. அட்டை மாதிரி இருக்குது. நடுவுல உஸ்ஸுன்னு வேற ஒரு சத்தம்."

"மூணும் காசு குடுத்து வாங்குனதுங்க..."

"எங்க மிஷின்ல துணிய ஒரே ஓட்டத்துல அமுக்கினா இப்படித்தான் அட்டையாயிரும். மொதல் ஓட்டத்துல கொஞ்சம், ரெண்டாவதுல கொஞ்சம் அமுக்கோணும். துணிக்கே தெரியாது. மூணாவதக் கழட்டிருங்க. மொதப் பெட்டி துள்ளறத மட்டும் புடிக்கட்டும். ரெண்டாவது நிதானமா நெரவி விடட்டும்."

"துணி வேற, தந்தி வேறங்க." ராபின் மோவாயைத் தூக்கினான். "எட்டு வருசமா வாசிக்கறேன். பனியன் துணி அமுக்கறவங்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை."

ஆஷாவின் கண்களில் ஒரு மின்னல்... அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள். திமிரு... அழகா இருந்தாத் திமிரும் கூடவே வருமாட்ட இருக்குது என்று மனசுக்குள் வைதாள்.

அவள் தலை மறைந்ததும், ராபின் குனிந்து மூன்றாவது பெட்டியைக் கழற்றினான். மற்ற இரண்டின் திருகையும் அவள் சொன்னபடி தளர்த்தினான்.

மூன்று மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. ஷெட்டில் நானூறு பேர். ஆஷா கடைசி வரிசையில் ராக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துணி மடிக்கும் ராக்கம்மாளிடம் யாருடைய ரகசியமும் தங்காது.

முதல் பாட்டிலேயே ஆஷாவுக்குத் தெரிந்துவிட்டது. கீழ்ச்சுரம் இடிக்கவில்லை, மேல்சுரம் தொலையவில்லை. நல்ல துணி போல வழுவழுவென்று... ஓடியது. தகரக் கூரையே மழைத் தாளத்தை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்டது. ஆஷாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இது நான் சொன்னது...

பாட்டு முடிந்ததும் அர்த்தநாரி மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு பேஸ் கேட்டீங்களா? நம்ம ராபினோட சொந்தக் கண்டுபிடிப்பு. ஏனப்பா, நீயாத்தான செஞ்ச?"

ராபின் தலையாட்டினான்.

ஆமாம் என்று.

கைத்தட்டலுக்கு நடுவே ஆஷா எழுந்தாள். திட்டியது கூட வலிக்கவில்லை. இது வலித்தது. முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, மழை கொட்டிய வாசலை நோக்கி நடந்தாள்.

மேடையிலிருந்து பார்த்த ராபினின் விரல் தந்தியில் நின்றுபோனது. இரண்டாவது பாட்டின் பல்லவி அந்தரத்தில் தொங்கியது. அவன் அர்த்தநாரியின் மைக்கை வாங்கினான்.

"பொய்யிங்க. நான் கண்டுபுடிக்கலை. இங்க வேலை செய்யறவங்க ஒருத்தங்க சொன்னாங்க. அவங்களையே மட்டமாப் பேசிட்டு, அவங்க சொன்னதையே வெச்சுக் கைத்தட்டும் வாங்கிட்டேன். பச்சைச் சுடிதார்... பேரு தெரியாதுங்க. கேக்கலை. திமிரு."

"அவ பேரு ஆஷா, சாமி," என்றாள் ராக்கம்மாள். மைக் இல்லாமலே அது மைக்கை விடச் சத்தமாகக் கேட்டது.

நானூறு தலைகள் திரும்பின. நானூறு பேரும் தட்டினார்கள். வாசலில் நின்ற ஆஷா தலைகுனியவில்லை. பரிசு வாங்குகிறவள் போல நிமிர்ந்தே நின்றாள்.

அர்த்தநாரி தாடையைச் சொறிந்தார். "செட்டிங் யாரோடதா இருந்தா என்ன, வாசிச்சது நீதான. பாட்ட முடி கண்ணு. நாளைக்கும் நீதான்."

கச்சேரி முடிந்ததும் ராபின் வாசலுக்கு ஓடி வந்தான்.

"அடுத்த வாரம் பொங்கலூர்ல கச்சேரிங்க. வந்து கேட்டுச் சொல்லணும்."

"வேலை இருக்குதுங்க."

"அதுக்கடுத்து உடுமலை..."

"ஊரூரா உங்க பின்னால வந்தா எங்க ஊட்ல என்ன சொல்லுவாங்க?"

"நானே ஊட்டுக்கு வந்து கேக்கறனுங்க."

"என்னத்த?"

மழை நின்று கேட்டது.

"உங்களத்தானுங்க..."

ஆஷா அவன் கண்களை, துணியைத் தொட்டுப் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தாள். குறை ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எனக்கு உங்களப் புடிச்சுப்போச்சுங்க. டொம்முன்னு கேட்டு நிமிந்தப்பவே... கோவம் உங்களுக்குப் பாதியில மறந்துபோனப்பவே."

ராபின் வாய் திறந்தான்.

"இருங்க, முடிக்கலை. புடிச்சிருக்குதுன்னு மொதல்ல சொன்னது நான். இதையாச்சும் நீங்க சொன்னதா ஊர்ல சொல்லிட்டுத் திரியாதீங்க."