சுவரில் தொங்கும் சிவகௌரி

போன் அலறியது.

வட்ஸ்அப் அழைப்பு. தெரியாத நம்பர். திரையில் ஒரு படம்... பெரிய மீசைக்காரர் ஒருவருக்கு இளம்பெண் ஒருத்தி கேக் ஊட்டிக்கொண்டிருந்தாள். மயில்கழுத்து நிறச் சேலை. நகங்களும் அதே நிறம்.

புத்தூரில், வெங்காயத் தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த சிவகௌரி கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"சிவகௌரியோ? இன்ஸ்பெக்டர் அருளம்பலம் கதைக்கிறன். ஒருக்கா ஸ்டேஷனுக்கு வாரும்."

"என்ன விஷயம் சேர்?"

"ஒரு சாவு. டொக்டர் துரைராஜாவின்ரை ஆஸ்பத்திரியிலை, நீர் நிண்டு செய்த ஒப்பரேஷன்."

"நான் அங்கையிருந்து விலகிக் கன மாதம் சேர்."

"உதையெல்லாம் இஞ்சை வந்து கதையும்."

வைத்துவிட்டார்.

பொலிஸ் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் மலிந்த காலம். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மீசைக்காரரின் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டாள். 'இந்த ஆளை ஆருக்கும் தெரியுமோ?'

பிறகு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஸ்டேஷன் படியில் கால் வைக்கவில்லை... உள்ளேயிருந்து ஒரு கூச்சல்!

"வந்திட்டாளோ கொலைகாரி!"

சண்முகநாதன். பக்கத்து ஒழுங்கைக்காரர். அவருடைய மனைவி குணலட்சுமி நேற்றுக் காய்ச்சலில் செத்துப்போனாள் என்பது மட்டும்தான் சிவகௌரிக்குத் தெரியும்.

"அண்ணை... நான் என்ன செய்தனான்?"

"என்ன செய்தனியோ? ஆஸ்பத்திரி வாசல்லை உன்ரை சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குது. அதிலை உன்ரை படம். 'எங்கடை ஊர்ப்பிள்ளை உள்ளுக்கு நிக்குது, எனக்கென்ன பயம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவ ஒப்பரேஷனுக்குப் போனவ. கர்ப்பப்பையை எடுத்தாச்சு, சுகம் எண்டு வீட்டை அனுப்பிச்சினம். அண்டைக்கு இரவே காய்ச்சல்... கிருமி... போயிட்டா."

அழுகை வரும் என்று சிவகௌரி நினைத்தாள். வந்தது கோபம்.

சும்மா கிடைத்த சான்றிதழா அது? சத்திரசிகிச்சை அறை வேலைக்கென்றே டிப்ளோமா படித்து, பெரிய ஆஸ்பத்திரிகளில் கால் கடுக்க நின்று பயிற்சி எடுத்து, சோதனை பாஸாகி, பதிவு செய்து வாங்கியது. சத்திரசிகிச்சை அறையில் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்க அவ்வளவும் வேண்டும். மேசையில் கிடப்பது மரக்கட்டை இல்லை, மனுசர்!

டொக்டர் துரைராஜா கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். ஆஸ்பத்திரிக்கு முதலாளியும் அவர்தான், கத்தி பிடிப்பவரும் அவர்தான்.

"இவதான் நிண்டவ, இன்ஸ்பெக்டர்," என்றார், தேத்தண்ணி கேட்கிற குரலில்.

"பொய்," என்றாள் சிவகௌரி. "விலகின அண்டைக்கே என்ரை சான்றிதழைக் கேட்டனான். நாளைக்கு வாரும், நாளைக்கு வாரும் எண்டு இழுத்தடிச்சனீங்கள். பதிஞ்ச ஆள் ஒராள் இல்லையெண்டால் ஒப்பரேஷன் தியேட்டரைப் பூட்டிப்போடுவினம். அதுக்குத்தானே என்னைச் சுவரிலை தொங்கவிட்டனீங்கள்?"

"விலகினதுக்குக் கடிதம் இருக்கோ?"

இல்லை. சண்டை பிடித்து, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவளிடம் கடிதம் ஏது?

"என்ன சண்டை?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒண்டும் தெரியாத பிள்ளையளுக்குக் கையுறையைப் போட்டு உள்ளுக்கு விட்டவர் சேர். சம்பளம் மிச்சம் எண்டு."

"தொப்பி, மாஸ்க் போட்டால் வெளியிலை தெரியிறது கண் மட்டும்," டொக்டர் சிரித்தார். "இவ இல்லை எண்டதுக்கு என்ன சாட்சி?"

அருளம்பலம் மேசை லாச்சியைத் திறந்தார். சின்னப் பிளாஸ்ரிக் பை ஒன்றை மேசையில் போட்டார்.

"சாட்சி இருக்கு. சட்ட வைத்திய அதிகாரி அந்தப் பெம்பிளையின்ரை வயித்துக்குள்ளை இருந்து எடுத்தவர். இது உம்மடைதானே?"

ஒரு பொய் நகம்... மயில்கழுத்து நிறம்!

துரைராஜாவின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

சிவகௌரி இரண்டு கையையும் மேசையில் விரித்தாள். ஒட்ட வெட்டிய நகங்கள். ஓரத்தில் செம்மண்.

"நகம் வளத்தவளைத் தியேட்டர் வாசலுக்கும் விடக்கூடாது. முதல் நாள் படிப்பிக்கிற பாடம். நகம் கையுறையைக் கிழிக்கும், கிழிஞ்ச இடத்தாலை கிருமி போகும். இதிலை நகமே உள்ளுக்குப் போயிட்டுது. படிச்சுப் பதிஞ்ச ஒருத்தி இதைச் செய்யமாட்டாள் சேர்."

"அப்ப உது ஆற்றை?" சண்முகநாதன் பையைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ டொக்டர். இண்டைக்கே விலங்கு போடுறன். ஆற்றை பிள்ளை எண்டாலும் எனக்குக் கவலையில்லை."

சிவகௌரி மேசைப் பக்கம் குனிந்தாள்.

"சேர்... உங்கடை வட்ஸ்அப் படத்திலை கேக் ஊட்டுறது மகளோ?"

"ஓம், றொசாந்தி. போன கிழமை மச்சாளின்ரை கலியாணத்திலை எடுத்தது. அதுக்கென்ன இப்ப?"

"எங்கை வேலை செய்யிறா?"

"டொக்டரின்ரை ஆஸ்பத்திரியிலை. அவரே வீடு தேடி வந்து கேட்டவர். ஏதோ ஒஃபிஸ் வேலை எண்டுதான்..."



போனை எடுத்தார். மகளின் கையைப் பெருப்பித்துப் பார்த்தார். பையைப் பார்த்தார். திரும்பவும் போன்.

"இன்ஸ்பெக்டரின்ரை மகள் வேலை செய்யிற இடத்தை ஆர் வந்து சோதிப்பினம்?" என்றாள் சிவகௌரி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அதுக்குத்தான் வீடு தேடி வந்தவர். எனக்குச் சுவர், உங்கடை பிள்ளைக்குத் தியேட்டர்."

அருளம்பலத்தின் பெருவிரல் திரையில் அவசரமாக ஓடியது. கேக் ஊட்டிய படம் மறைந்தது. மற்றக் கை பிளாஸ்ரிக் பையை மெல்ல லாச்சிப் பக்கம் இழுத்தது.

"உந்தக் கலர் நகம் கன பெட்டையள் போடுறவை," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஒண்டும் நிச்சயமாச் சொல்லேலாது."

சண்முகநாதன் எழுந்தார். லாச்சிக்கும் அந்தக் கைக்கும் நடுவே தன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

சிவகௌரி தன் போனைத் திறந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். குடும்பக் குறூப். கேக், சேலை, நகம்... எல்லாம் அப்படியே இருந்தது.

"நீங்கள் கோல் எடுத்த கையோடை போட்டிட்டன் சேர். கனடா, பாரிஸ் எல்லாம் பாத்தாச்சு. லண்டன் மாமி கேட்டிருக்கிறா, பிள்ளை நகம் எங்கை போட்டது எண்டு. போட்ட இடம் தெரியாது மாமி, விட்ட இடம் தெரியும் எண்டு எழுதட்டோ?"