நெடுந்தீவுக் கடலில் விழுந்த பல்

சரவணமுத்துவின் கட்டுப்பல் கடலுக்குள் போய் ஒரு மாதம். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் குமட்டிச் சத்தி எடுத்தபோது விழுந்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம். சாட்சி, படகில் வந்த அத்தனை பேரும் ஒரு பாரை மீனும். மீனை மட்டும் விசாரிக்க முடியவில்லை.

மருத்துவக் காப்புறுதிக் கம்பனியின் ஊர்காவற்றுறைக் கிளையில் அன்றைக்கு நேர்முகப் பரீட்சை. கிளெய்ம்களை விசாரித்து முடிவு சொல்லும் வேலைக்கு ஒரு இடம். கடைசிச் சுற்றில் இருவர். முகாமையாளர் அன்ரனிட்டா கேள்வித்தாள் தயாரிக்கவில்லை. சரவணமுத்துவையே வரவழைத்துக் கதிரையில் இருத்திவிட்டார்.

காலை ஒன்பதரை. முதலில் சிவகரன். கொழும்பில் இதே வேலை பார்த்தவர்.

"சத்தி எடுத்ததைக் கண்டவை இருக்கினம். வாயில பல்லில்லை. குடுக்கலாம் மிஸ்."

பத்து மணி. நிலாந்தினி உள்ளே வந்தாள். நெடுந்தீவிலிருந்து படகும் பஸ்ஸும் பிடித்து வந்தவள். சட்டைக் கையில் உப்பு. கையிலிருந்த லேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். எதிரே இருந்தவரைப் பார்த்தாள். முகம் மாறியது.

"மிஸ், இவர் என்ர பெரியப்பா. இந்தக் கிளெய்மை நான் தொடக்கூடாது."

"முடிவு நான் எடுப்பன். நீர் விசாரியும். அதுதான் பரீட்சை."

இதற்கு முன் இரண்டு கம்பனிகள், "நெடுந்தீவிலயிருந்தோ?" என்று கேட்டதோடு அவளை அனுப்பிவிட்டன. இது மூன்றாவது. பெரியப்பா பொக்கை வாயால் சிரித்துக் கண்ணடித்தார்.

"அண்டைக்குக் காத்து எப்பிடி?"

"சோழகம், பிள்ளை. ஒரு அலை என்னைத் தூக்கி இராமேஸ்வரத்தைக் காட்டிப்போட்டுத் திருப்பி இருத்தினது."

"பல்லு?"

"சத்தியோட போயிட்டுது. பாரை ஒண்டு கவ்வினது. பல்லை மாட்டிக்கொண்டு சிரிச்சதை இந்தக் கண்ணால கண்டனான்."

அன்ரனிட்டா இருமினார். மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்திருந்தது. சரவணமுத்து நெற்றியைச் சேட்டுக் கையால் துடைத்தார். மேல்பொக்கற்றில் வெள்ளை லேஞ்சி ஒன்று புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"இண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிடுவியள்?"

"கஞ்சிதான். பல்லில்லாதவனுக்கு வேற என்ன?"

நிலாந்தினி அந்தப் பொக்கற்றைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இறங்குதுறை முழுக்கப் பெரியப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்த வேலையும் போய்விடும். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"சத்தி எடுத்தது உண்மை மிஸ். பல்லு விழுந்தது பொய்."

"எப்பிடி?"

"சோழகத்தில எங்கட ஆக்கள் கழட்டக்கூடிய எல்லாத்தையும் கழட்டி லேஞ்சியில முடிஞ்சுபோட்டுத்தான் படகில கால் வைப்பினம். பல்லெண்டாலும் சரிதான். நான் கண்ணாடியை எங்கயிருந்து எடுத்தனான்? பாத்தனீங்கள்தானே?"

"சரி. அப்ப பல்லு எங்க?"

"பெரியப்பாவுக்கு வேர்க்குது. பொக்கற்றுக்குள்ள லேஞ்சி இருக்குது. ஆனா சேட்டுக் கையால துடைக்கிறார். லேஞ்சியில அவிழ்க்க ஏலாத முடிச்சு ஒண்டு இருக்கு. மத்தியானம் அவர் கஞ்சி குடிக்கப் போறேல்லை மிஸ், ஆட்டிறைச்சிதான்."

சரவணமுத்து மெல்ல லேஞ்சியை எடுத்தார். அவிழ்த்தார். இரண்டு வரிசையையும் வாயில் மாட்டினார். கண் கலங்கியிருந்தது, வாய் நிறையச் சிரிப்பு.

"பழசு விசிலடிக்குது, புதுசு எடுப்பமெண்டு பாத்தன். கிளெய்மைக் கிழிச்சுப் போடுங்கோ, பிள்ளை. ஒரு படகு சனத்தையும் கொழும்பு ஆளையும் ஏமாத்தினனான். என்ர பெறாமகளை ஏமாத்த ஏலேல்லை!"

ஒவ்வொரு சொல்லுக்கும் விசில் அடித்தது.

அன்ரனிட்டா நிலாந்தினியைப் பார்த்தார். "சோழகத்தில ஒவ்வொரு நாளும் வருவீரோ?"

"இண்டைக்கு வந்தனான்தானே மிஸ்."

"திங்கள் வாரும்."

பின்னேரப் படகு. குறிகட்டுவானில் எல்லாரும் லேஞ்சி முடிந்தார்கள். சரவணமுத்து மட்டும் பல்லைக் கழற்றி முடிந்துவைக்கவில்லை. இப்பேர்ப்பட்ட செய்தியைப் பொக்கை வாயால் சொல்வது பிள்ளைக்கு மரியாதையில்லை என்றார். படகின் முன்பக்கம் ஏறி நின்று, தான் பிடிபட்ட கதையைச் சனத்துக்குச் சொன்னார். சனம் சிரித்தது. இன்னும் பலமாகச் சொன்னார். எதிரே வந்த படகுக்கும் சொன்னார். "ஏமாத்த ஏலேல்லை!" என்று வாயை முழுதாகத் திறந்தபோதுதான் அந்த அலை வந்தது.

திங்கட்கிழமை நிலாந்தினியின் மேசைக்கு வந்த முதல் கிளெய்ம்: கட்டுப்பல், இரண்டு வரிசை, கடலில். அவள் அதை அப்படியே அன்ரனிட்டாவிடம் கொண்டுபோனாள்.

"இதை நான் தொடக்கூடாது மிஸ். ஆனா சாட்சி சொல்லுவன். பக்கத்திலதான் இருந்தனான்."

"அப்ப பாரையும் வந்ததோ?"

"வந்தது மிஸ்," என்றாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "சிரிச்சதுக்குச் சாட்சி சொல்ல ஏலாது. முடிஞ்ச கண்ணாடியை நான் அவிழ்க்கிறதுக்குள்ள அது தண்ணிக்குள்ள தாண்டிட்டுது."